காத்து ஃப்ரீதான்... இடம்?

கரன்ட் போனதும் நீங்க செய்யற முதல் வேலை என்ன? மெழுகுவத்தி தேடறதா? சும்மா கதை விடாதீங்க. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'அப்பாடா... எதிர் பிளாக்குலயும் போயிருச்சு'னு சந்தோஷப்படறதுதான்! ரெண்டாவது வேலை, செல்லுல எத்தனை பர்சன்ட் சார்ஜ் இருக்குனு பார்க்கறது. மூணாவதா, இருட்டுல இருந்து யாராவது ஒரு விஞ்ஞானி குரல் கொடுப்பார்... 'நம்ம ஊர்ல அடிக்கிற வெயிலுக்கு சோலார் போட்டாலே போதும்டா. கரன்ட்டே ஃப்ரீ!'

இந்தக் கட்டுரைக்கு அந்த டயலாக்தான் வில்லன். ஆனா ரொம்பக் கெட்டவன் இல்ல, கடைசி ரீல்ல திருந்தற டைப். ஏன்னா பாதி உண்மை. வெயில் ஃப்ரீதான். காத்தும் ஃப்ரீதான். அதைப் பிடிச்சு உங்க சார்ஜர் வரைக்கும் கொண்டுவர்றதுக்கு யாரோ, எங்கேயோ, எதையோ கொடுக்கறாங்க. யார் அவங்க? எவ்வளவு கொடுக்கறாங்க? கொடுக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

நான் டிரிப்பிள் ஈ மூணாம் வருஷம். ஊர், தூத்துக்குடி மாவட்டத்துல ஒட்டப்பிடாரம் பக்கம். கரிசல் காடு. எங்க பாஷையில காற்றாலைக்குப் பேரு 'காத்தாடி'. காலையில எழுந்து வாசல்ல நின்னா கண்ணுக்கு எட்டின தூரம் காத்தாடிதான். அதனால இந்த சப்ஜெக்ட் எனக்கு சிலபஸ்ல வர்றதுக்கு முன்னாடியே வாழ்க்கையில வந்திருச்சு.

மலையில திறந்த கேட்

முதல்ல நல்ல சேதி. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு பெரிய காம்பவுண்ட் சுவர்னு வெச்சுக்கோங்க. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து அந்தச் சுவர்ல வந்து முட்டும். சுவர்ல சில இடத்துல கேட் திறந்து கிடக்கு. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய். கடைசி பீரியட் பெல் அடிச்சதும் பசங்க வாசல்ல நெருக்கியடிச்சுக்கிட்டு ஓடுவாங்களே... காத்தும் அப்படித்தான். சந்துக்குள்ள நுழைஞ்சதும் வேகம் எடுக்கும்.

அந்த வேகத்துலதான் மேட்டரே இருக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அதுல இருக்கற சக்தி ரெண்டு மடங்கு இல்ல, எட்டு மடங்கு ஆகும். அதனாலதான் எங்க வேணும்னாலும் காத்தாடி வைக்காம, ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துல முப்பந்தல்ல அவ்வளவு நெருக்கமா நட்டு வெச்சிருக்காங்க. நாகர்கோவில் பஸ்ல தூங்கிட்டு வர்றவங்ககூட அந்த இடம் வந்ததும் எழுந்து பார்ப்பாங்க.

அந்தச் சக்தியை முழுசாவும் பிடுங்க முடியாது. எவ்வளவு சூப்பர் டிசைனா இருந்தாலும் 59.3 சதவீதம்தான் உச்சவரம்புனு ஆல்பர்ட் பெட்ஸ்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி போன நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டார். மொத்தத்தையும் எடுத்துட்டா காத்து அங்கேயே நின்னுடும். பின்னாடி வர்ற காத்துக்கு வழி இருக்காது. மெஸ்ல சோறு வாங்கினவன் கவுன்ட்டர்லயே நின்னு சாப்பிட ஆரம்பிச்சா க்யூ நகருமா?

1986ல தூத்துக்குடி முள்ளக்காட்டுல, நாட்டோட முதல் காற்றாலைப் பண்ணைகள்ல ஒண்ணு ஆரம்பிச்சது. இன்னிக்குத் தமிழ்நாட்டுல காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல. சோலாரும் சேர்ந்தாச்சு. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில 2016ல வந்த 648 மெகாவாட் சோலார் நிலையம், ஒரே இடத்துல இருக்கறதுல அப்போ உலகத்துலயே பெருசுனு பேசப்பட்டது. நாடு முழுக்கக் கணக்கெடுத்தா, நிறுவப்பட்ட மின் திறன்ல பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் இல்லாத வழிகள்ல வருதுங்கற நிலைமையை 2025 ஜூன்ல தொட்டாச்சு.

இந்த இடத்துல கைதட்டுங்க. ஆனா உடனே நிறுத்துங்க. 'திறன்' வேற, 'உற்பத்தி' வேற. நல்லாப் படிக்கிற திறமை எல்லாருக்கும் இருக்கு, மார்க் ஷீட்ல எவ்வளவு வருது? ராத்திரியில சோலார் ஸீரோ. காத்து சீசன் முடிஞ்சா காத்தாடி பாதி நேரம் வேடிக்கை பார்க்கும். அதனால உண்மையில நாம எரிக்கற கரன்ட்ல பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில இருந்துதான் வருது.

கரிக்கு ஒரு பில்

சரி, நிலக்கரியிலயே ஓட்டிட்டுப் போயிடலாமேனு கேக்கறீங்களா? அந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க.

நம்ம நாட்டு அனல் மின் நிலையத்துல ஒரு யூனிட் கரன்ட் எடுக்க சுமார் 700 கிராம் நிலக்கரி எரிக்கணும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் ஓடினா, முன்னப் பின்ன ஒரு யூனிட். அதாவது நீங்க ஒரு பகல் தூக்கம் போட்டு எழறதுக்குள்ள எங்கேயோ ஒண்ணு, ரெண்டு கிலோ கரி எரிஞ்சிருக்கும். அந்தக் கரியில மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட சாம்பலா மிஞ்சும். அந்தச் சாம்பல் எங்க போகுதுன்னு தெரியணும்னா எண்ணூர் பக்கம் கொசஸ்தலை ஆத்துக்குப் போய்ப் பாருங்க. அங்க மீன் பிடிக்கறவங்க உங்களைவிட நல்லாக் கணக்குச் சொல்வாங்க.

இடமும் கரிக்குக் கம்மியா ஆகல. நெய்வேலியில சுரங்கத்துக்காக ஊர் ஊரா எழுந்து இடம் மாறியிருக்கு. 2023 ஜூலையில வளையமாதேவியில, பயிர் நின்ன நெல் வயலுக்குள்ள மண் அள்ளற இயந்திரம் இறங்கினதை நீங்களும் டி.வி-யில பார்த்திருப்பீங்க. அதுவும் கரிக்காக வெட்டின சுரங்கத்துக்குச் சம்பந்தப்பட்ட கால்வாய்க்குத்தான்.

இப்ப ஒரு மேட்ச். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழு 2014ல ஒரு கணக்கு போட்டுச்சு. எரிக்கறப்போ வர்ற புகை மட்டும் இல்ல, இயந்திரம் செய்யறது, கட்டறது, கடைசியில பிரிக்கறதுனு பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாத்தையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயுன்னு பார்த்தது. நிலக்கரி 820 கிராம். பெரிய சோலார் நிலையம் 48 கிராம். நிலத்துல நிக்கற காற்றாலை 11 கிராம். இன்னிங்ஸ் தோல்வி!

அதனால இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு, 'பார்த்தியா, சோலாரும் ஃப்ராடு, காத்தாடியும் ஃப்ராடு'னு யாராவது ஸ்டேட்டஸ் போட்டா, பாதியில புத்தகத்தை மூடிட்டாங்கன்னு அர்த்தம். காத்தும் வெயிலும் ஜெயிச்சாச்சு. ஜெயிச்சவங்ககிட்டதான் இப்போ கேள்வி கேக்கணும்.

ஆச்சிக்கு ஒரு சந்தேகம்

எங்க ஆச்சிக்குக் காத்தாடி மேல ஒரு பெரிய புகார் உண்டு. "இத நட்ட பொறவுதாம்ல மழையே இல்ல. வர்ற மேகத்தை எல்லாம் வெரட்டி விட்டுருது." இதை ஆச்சி மட்டும் சொல்லல. எங்க பக்கம் டீக்கடைக்கு டீக்கடை இந்தக் கேஸ் ஓடிக்கிட்டிருக்கு.

காத்தாடி எவ்வளவு பெருசா இருந்தாலும் உயரம் நூறு, இருநூறு மீட்டர் கணக்குதான். மழை மேகம் அதுக்கு ரொம்ப மேல, கிலோமீட்டர் கணக்குல நிக்குது. டேபிள் ஃபேனைப் போட்டு மொட்டை மாடியில இருக்கறவனைத் தள்ள முடியுமா? ஆச்சிகிட்ட இதைச் சொன்னேன். "அப்படின்னா கொளத்துக்கு ஏம்ல தண்ணி வரல?"னு கேட்டாங்க.

அது நல்ல கேள்வி. பதிலும் இருக்கு. எங்க ஊர்ல ஒரு காத்தாடியோட இறக்கையைக் கொண்டுவர மண் ரோடு போட்டாங்க. ஒரு இறக்கையோட நீளம் நம்ம காலேஜ் பஸ் மூணு, நாலு சேர்ந்த அளவு. அதுக்குத் தகுந்த ரோடு வேணுமே! அந்த ரோடு ஒரு சின்ன ஓடையைக் குறுக்கே அடைச்சு ஏறிப் போச்சு. மழை பெய்ஞ்ச ரெண்டு வருஷமும் தண்ணி குளத்துக்கு வராம பக்கத்துப் பள்ளத்துல தேங்கிச்சு. ஊர்க்காரங்க நடையா நடந்த அப்புறம் ரோட்டுக்குக் கீழ குழாய் பதிச்சாங்க. இப்போ தண்ணி வருது.

யோசிச்சுப் பாருங்க. ஆச்சி சொன்ன காரணம் தப்பு. ஆனா ஆச்சி பார்த்தது தப்பில்லையே! குளம் வத்தினது உண்மை. ரோடு போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் ஊர்ல யாரையாவது கூட்டிட்டுப் போய், 'தண்ணி எந்தப் பக்கமா ஓடும்?'னு கேட்டிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம்.

ஓணானுக்குக் கொண்டாட்டம்

மனுஷன் வாய் திறந்து கேப்பான். பறவை?

மகாராஷ்டிராவுல சத்தாரா மாவட்டத்துல சால்கேவாடினு ஒரு மேட்டு நிலம். அங்க காத்தாடி நின்ன இடத்தையும் இல்லாத இடத்தையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மரியா தாக்கர் குழு ஒப்பிட்டுப் பார்த்து, 2018ல முடிவை வெளியிட்டாங்க. காத்தாடி இருக்கற இடத்துல வேட்டைப் பறவைங்க கிட்டத்தட்ட நாலு மடங்கு கம்மி. பருந்து, வல்லூறு எல்லாம் அந்தப் பக்கம் வர்றதையே குறைச்சிருச்சு. அதனால யாருக்கு லாபம்? ஓணானுக்கு! பிடிச்சுத் தின்ன ஆள் இல்லாம எண்ணிக்கை எகிறிடுச்சு. பயம் விட்டுப்போச்சு, மனுஷன் கிட்டப் போனாலும் சீக்கிரம் ஓடல. ஆனா இருக்கற சாப்பாட்டுக்குப் போட்டி அதிகமாகி ஓணான் இளைச்சும் போச்சு. புலி இருக்கற காட்டுல புலி செய்யற வேலையை அங்க காத்தாடி செய்யுதுங்கறதுதான் அவங்க சொன்னது. பறவை அடிபட்டுச் சாகறது மட்டும்தான் பாதிப்புனு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். கீழ இருக்கற ஓணான் வரைக்கும் சங்கிலி போகுது.

ராஜஸ்தான் பாலைவனத்துல இன்னொரு கேஸ். கானமயில். உலகத்துலயே 150க்குள்ளதான் மிச்சம்னு சொல்ற அளவுக்கு அழிவின் விளிம்புல நிக்கற பெரிய பறவை. அதுக்கு நேர் எதிர்ல இருக்கறது சரியாத் தெரியாது. உடம்பு வேற கனம், சட்டுனு திரும்பவும் முடியாது. சோலார், காற்றாலையில இருந்து கரன்ட் கொண்டுபோற உயர் அழுத்தக் கம்பியில மோதி செத்துப் போகுது. கம்பியைப் பூமிக்கடியில பதிக்கணும்னு 2021 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு தூரம் பதிக்கறது நடைமுறையில கஷ்டம்னு அரசு போனதும், 2024 மார்ச்சுல அந்த உத்தரவை மாத்தி, நிபுணர் குழு அமைச்சது. அதே தீர்ப்புல, பருவநிலை மாற்றத்தோட பாதிப்புல இருந்து காப்பாத்தப்படறது குடிமக்களோட உரிமைன்னும் சொன்னது. ஒரு தட்டுல பூமி, இன்னொரு தட்டுல ஒரு பறவை. தராசு பிடிக்கறது லேசான வேலையில்ல பாஸ்.

ஆனா வழியே இல்லாமலும் இல்ல. நார்வேயில ஸ்மோலாங்கற தீவுல, நாலு காத்தாடியில மூணு இறக்கைக்கு ஒரு இறக்கையை மட்டும் கறுப்பு பெயின்ட் அடிச்சுப் பார்த்தாங்க. அந்தக் காத்தாடிங்கள்ல அடிபடற பறவை 70 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுனு 2020ல முடிவு வந்தது. சின்ன ஆய்வுதான், எல்லா ஊர்லயும் எடுபடும்னு சொல்ல முடியாது. ஆனா ஒரு டப்பா பெயின்ட்ல ஒரு உயிர் பிழைக்குதுன்னா, முயற்சி பண்ணிப் பார்க்க யோசிக்கணுமா என்ன?

தரிசுனு ஒரு பொய்

இப்போ நம்ம கட்டுரையோட முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. இடம்!

சோலாருக்குப் பசி அதிகம். கமுதியில 648 மெகாவாட்டுக்குச் சுமார் 2,500 ஏக்கர். கர்நாடகாவுல பாவகடா சோலார் பூங்காவுல 2,050 மெகாவாட்டுக்கு 13,000 ஏக்கர். ரோடு, இடைவெளி எல்லாம் சேர்த்து வகுத்துப் பார்த்தா ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 6 ஏக்கர் வருது. காத்தாடி அப்படி இல்ல, காலடியில கொஞ்ச இடம் போதும், சுத்தி உளுந்து விதைச்சுக்கலாம். பேனல் அப்படி விடாது. பாய் விரிச்ச மாதிரி படுத்துக்கும்.

இவ்வளவு இடத்துக்கு எங்க போறது? எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: 'தரிசு நிலத்துல போடலாமே, யாருக்கு நஷ்டம்?'

தாலுகா ஆபீஸ் கணக்குல தரிசு. ஆனா எங்க பக்கம் வந்து ஒரு நாள் நின்னு பாருங்க. அறுப்பு முடிஞ்ச காட்டுல கீதாரிங்க ஆட்டுக் கிடை போடுவாங்க. ராத்திரி பூரா ஆடு அங்க அடைஞ்சு கிடக்கும். மறுநாள் அந்த மண்ணுக்கு உரம் ரெடி. நிலத்துக்காரர் அதுக்குக் கூலி கொடுப்பார். பகல்ல அந்த ஆடு எங்க மேயும்? நாம தரிசுனு சொன்ன இடத்துலதான். சீமைக்கருவேல முள்ளு வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைக்கற குடும்பம் ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ. அவங்களுக்கும் அந்தத் தரிசுதான் சோறு. அவங்க யார் பேர்லயும் பட்டா இருக்காது. அதனால நஷ்ட ஈட்டுப் பட்டியல்ல அவங்க பேரும் இருக்காது.

பாவகடாவுல ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. நிலத்தை விலைக்கு வாங்காம குத்தகைக்கு எடுத்தாங்க. ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் 5 சதவீதம் ஏத்தம். மழை பொய்ச்சுப் போற வறண்ட பூமியில, நிலம் வெச்சிருந்தவங்களுக்கு இது பெரிய நிம்மதி. நிலம் இல்லாம அந்தக் காட்டுல களை எடுத்துக்கிட்டிருந்தவங்களுக்கு? குத்தகைப் பணமும் வரல, களை எடுக்கக் காடும் இல்ல. கட்டற வரைக்கும் ஆயிரக்கணக்குல ஆள் எடுப்பாங்க. கட்டி முடிச்சா புல்லு வெட்டவும், பேனல் துடைக்கவும், காவல் காக்கவும் கொஞ்சம் பேர் போதும். வெயில் தன் வேலையைத் தானே பார்த்துக்குமே!

பெரியப்பா கேட்டார்

இதெல்லாம் ஏதோ கர்நாடகக் கதைனு நான் ஒதுக்கியிருக்கலாம். போன செமஸ்டர் லீவுல அது வீட்டுக்கே வந்திருச்சு. பெரியப்பாவுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி. உளுந்து, மக்காச்சோளம் போடுவார். ஒரு சோலார் கம்பெனிக்காக நிலம் பார்க்கற புரோக்கர் வந்து பேசிட்டுப் போயிருந்தார். நல்ல விளைச்சல் வருஷத்துல கையில மிஞ்சறதைவிட அதிகமாவே வாடகை சொன்னார். பெரியப்பாவுக்கு சொசைட்டிக் கடன் இருக்கு, அக்காவுக்கு நர்ஸிங் ஃபீஸ் கட்டணும்.

"ஏலே, நீ கரன்டுக்குத்தான படிக்க? சொல்லு... குடுக்கலாமா, வேண்டாமா?"

செமஸ்டர் பேப்பர்ல இந்தக் கேள்வி வரவே வராது. நான் நோட்டை எடுத்து எனக்குத் தெரிஞ்ச கணக்கைப் போட்டேன். ஆறு ஏக்கர்ல தாராளமா ஒரு மெகாவாட் வைக்கலாம். வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட். மாசம் 200 யூனிட் எரிக்கற வீடுன்னா 600 வீட்டுக்கு மேல தாங்கும். அதே கரன்ட்டை நிலக்கரியில எடுத்தா வருஷத்துக்கு 1,100 டன் கரி எரிக்கணும். "ஒங்க ஆறு ஏக்கரு இம்புட்டையும் நிறுத்துது பெரியப்பா"னு சொன்னேன். அவர் முகத்துல ஒரு பெருமை தெரிஞ்சது.

அப்போ களை எடுக்க வந்திருந்த அக்கா ஒருத்தங்க திண்ணையில தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாங்க. "ஒங்களுக்கு வாடக வந்துரும் அண்ணாச்சி... எங்களுக்கு?"

யாரும் கொஞ்ச நேரம் பேசல.

அதுக்கப்புறம் பெரியப்பாவும் நானும் அந்த அக்காவும் உக்காந்து ஒரு லிஸ்ட் எழுதினோம். எத்தனை வருஷ ஒப்பந்தம்? முடிஞ்சதும் பேனலையும் கான்கிரீட்டையும் யார் செலவுல எடுக்கறது, அதுக்குப் பணத்தை இப்பவே எங்க ஒதுக்கி வைக்கிறீங்க? காட்டுக்குள்ள போற ஓடையை அப்படியே விடுவீங்களா? பேனல் கழுவ எந்த போர்லேர்ந்து தண்ணி, இல்ல தண்ணியில்லாம துடைக்கற மெஷினா? கிடைக்குப் போற ஆட்டுக்கு வழி விடுவீங்களா? காட்டுல வேலை பார்த்தவங்கள்ல எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எழுத்துல தருவீங்களா? மொத்தம் ஆறு கேள்வி. கடைசி ரெண்டும் அந்த அக்கா சொன்னது.

புரோக்கர் பேப்பரைப் படிச்சுப் பார்த்துட்டு, "மேல கேட்டுச் சொல்றேன் அண்ணாச்சி"னு வாங்கிட்டுப் போனார். இதை எழுதற வரைக்கும் பதில் வரல. பெரியப்பா முடியாதுனு சொல்லல. பதில் வந்தா கையெழுத்துனு சொல்லியிருக்கார். அவருக்குக் கடனும் உண்டு, அந்த அக்காவோட முகமும் தினம் பார்த்தாகணும்.

ரிட்டயர்மென்ட் ப்ளான் இருக்கா?

லிஸ்ட்ல இருந்த ரெண்டாவது கேள்வியைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. காத்தாடிக்கு ஆயுசு 20, 25 வருஷம். எங்க பக்கம் நிக்கற பழைய சின்னக் காத்தாடி பலதும் ரிட்டயர்மென்ட் வயசைத் தொட்டாச்சு. இரும்புக் கோபுரத்தை உருக்கிடலாம். இறக்கை கண்ணாடி இழையும் பிசினும் கலந்து செஞ்சது. உருக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. பழசை எடுத்துட்டு அதே நல்ல காத்து இடத்துல பெரிய காத்தாடி வைக்கறதுக்கு 2024ல தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. புது நிலம் தேடாம கரன்ட் கூடும், நல்ல விஷயம். ஆனா கழட்டின இறக்கையை என்ன பண்றது? மெக்கானிக்கல், கெமிக்கல் பசங்களே, இது உங்களுக்கான புராஜெக்ட்!

பேனல் கொஞ்சம் தேவலாம். எடையில பெரும்பகுதி கண்ணாடி, அப்புறம் அலுமினியம். 2022ல வந்த மின்னணுக் கழிவு விதிகள்ல சோலார் பேனலையும் சேர்த்துட்டாங்க. விதி இருக்கு. மலை மாதிரி பேனல் வந்து விழற அன்னிக்கு அதைப் பிரிக்கப் போதுமான தொழிற்சாலை இருக்கணும்.

பிறப்புலயும் ஒரு பிரச்னை. புதுசா வர்ற பெரிய காத்தாடி சிலதுல நியோடிமியம் கலந்த காந்தம் உண்டு. அந்த நியோடிமியம் எதுல கிடைக்கும்? மோனசைட் மணல்ல. அந்த மணல் எங்க இருக்கு? மணவாளக்குறிச்சிக் கடற்கரையில! முப்பந்தலும் மணவாளக்குறிச்சியும் ஒரே கன்னியாகுமரி மாவட்டம். மோனசைட்ல தோரியமும் சேர்ந்தே இருக்கறதால, கடற்கரை மணலைத் தோண்டறதுக்கு மீனவ கிராமங்கள்ல எதிர்ப்பு இருக்கு. ஒரு மாவட்டத்துக்குள்ளயே முழுக் கதையும் முடிஞ்சிருச்சு பாருங்க.

ராத்திரிக்குச் சேமிக்கறதும் அப்படித்தான். பகல்ல மிஞ்சற கரன்ட்ல தண்ணியை மேல் அணைக்கு ஏத்தி, ராத்திரி கீழ விட்டு டர்பைனைச் சுத்தறது ஒரு வழி. கோவை மாவட்டம் கடம்பாறையில 400 மெகாவாட்டுக்கு இது பல வருஷமா நடக்குது. அருமையான ஐடியா. ஆனா புதுசா ஒண்ணு கட்டணும்னா மலையும் காடும் வேணும். மறுபடியும் அதே கேள்வி: இடம்!

கம்பியில்லாம காத்து எதுக்கு?

இடம்னா காத்தாடி நிக்கற இடம் மட்டும் இல்ல, கரன்ட் போற வழியும்தான். 2012 ஞாபகம் இருக்கா? நம்ம செட்டுக்கு அப்போ ஏழு வயசு இருக்கும். கிராமத்துல பாதி நாள் கரன்ட் இருக்காது. நான் சிம்னி விளக்குல வாய்ப்பாடு எழுதினேன். வெளிய வந்து பார்த்தா சுத்தி நூறு காத்தாடி! அந்தச் சமயத்துல காத்து நல்லா அடிக்கறப்போ, கொண்டுபோகப் போதுமான கம்பி இல்லாம காத்தாடியை நிறுத்தச் சொன்ன கூத்தும் நடந்தது. 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியா தென்னிந்திய மின்தொகுப்பு, நாட்டோட மத்த பகுதிகளோட இணைஞ்சது. அதுக்கப்புறம் தேவைப்படற இடத்துக்கு அனுப்பவும், அங்கிருந்து வாங்கவும் வழி பெருசாச்சு. கரன்ட் உண்டாக்கறது பாதி இன்ஜினீயரிங். கொண்டுபோய்ச் சேர்க்கறது மீதி.

அப்போ என்னதான் பண்றது?

இடத்தை மாத்துங்க, கணக்கும் மாறும். குஜராத்துல 2012லயே நர்மதைக் கால்வாய் மேல பந்தல் மாதிரி ஒரு மெகாவாட் சோலார் போட்டாங்க. நிலம் தேவையில்லை, கீழ தண்ணி ஆவியாகறதும் குறையும். தெலங்கானாவுல ராமகுண்டத்துல 100 மெகாவாட் தண்ணியில மிதக்குது. இதெல்லாம் விட சுலபம் நம்ம தலைக்கு மேலயே இருக்கு. மொட்டை மாடி! யாரோட ஆடும் அங்க மேயல. 2024ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல, வீட்டு மாடியில 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபாய் வரைக்கும் மானியம் உண்டு. உங்க காலேஜ் மெயின் பிளாக் மாடி எவ்வளவு பெருசுனு யோசிச்சுப் பாருங்க. இப்போ அங்க உடைஞ்ச பெஞ்சும், லவ்வர்ஸ் பேரும்தான் இருக்கு.

மாடி மட்டும் போதாது, நாட்டுக்கு வேண்டிய கரன்ட்டுக்குப் பெரிய பண்ணைகளும் வேணும். உண்மைதான். அதை எங்க வைக்கறதுங்கறதை, வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்கன்னுதான் சொல்றேன். இன்னும் பத்து வருஷத்துல அந்த வரைபடத்து முன்னாடி உக்காரப் போறது நாமதான். சிவில் படிக்கறவங்க ரோடு போடுவீங்க. கம்ப்யூட்டர் படிக்கறவங்க இடம் தேர்வு செய்யற சாஃப்ட்வேர் எழுதுவீங்க. லா படிக்கறவங்க ஒப்பந்தம் எழுதுவீங்க, கொஞ்சம் பெரிய எழுத்துல எழுதுங்க, ப்ளீஸ்!

அதுக்கு இப்பவே ஒரு பிராக்டிகல் கிளாஸ். ரெக்கார்ட் நோட் தேவையில்ல. உங்க ஊர்ல தரிசுனு சொல்ற ஒரு இடத்துக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்க. ஒரு மணி நேரம் செல்லைப் பைக்குள்ள போட்டுட்டுச் சுத்திப் பாருங்க. ஆடு வருதா, சுள்ளி பொறுக்க யாராவது வர்றாங்களா, தண்ணி ஓடின தடம் இருக்கா, மேல ஏதாவது வட்டமடிக்குதா? ஒருத்தரும் வரலையா, தாராளமா பேனல் போடுங்க. யாராவது வந்தா, முதல்ல அவங்ககிட்ட பேசுங்க.